12 வயசில வாற மகன், 7 வயசு மகள், பிரெஞ்சு சுத்தமா தெரியாது: பள்ளிக்கூடத்தில என்ன செய்வினம்? அனுபவம் உள்ளாக்கள் சொல்லுங்கோ

கிளிநொச்சி_வரதன்
வணக்கம் உறவுகளே. குடும்ப இணைவு ஒருமாதிரி சரிவந்திட்டுது, மனிசியும் பிள்ளையளும் மார்கழி கடைசியில வருகினம். நான் பிரான்ஸில, பாரிசுக்குப் பக்கத்தில 93ம் மாவட்டத்தில இருக்கிறன். மகன் ஊரில 7ம் ஆண்டு, நல்லா படிப்பான், கணக்கில கெட்டிக்காரன். மகள் 2ம் ஆண்டு. ரெண்டு பேரும் தமிழ் மீடியம், இங்கிலீஷ் கொஞ்சம், பிரெஞ்சு பொன்ஜூரோட சரி. வருஷ நடுவில பள்ளிக்கூடத்தில எடுப்பினமோ, இல்ல செப்டெம்பர் மட்டும் வீட்டில இருக்க வேணுமோ? மகனைக் கீழ் வகுப்பில போட்டிடுவினமோ? வேலை இடத்தில ஒரு அண்ணா சொல்றார், பிள்ளையள் வந்த நாளில இருந்து வீட்டில தமிழை நிப்பாட்டிப்போட்டு பிரெஞ்சு மட்டும் கதை எண்டு. நான் கதைக்கிறது ரெஸ்ரோரன்ட் குசினிப் பிரெஞ்சு, அதை வச்சு என்னத்தை கதைக்கிறது சொல்லுங்கோ.

லாசப்பல்_அக்கா
தம்பி முதல்ல சந்தோஷம், இவ்வளவு காலம் தனிய கிடந்து கஷ்டப்பட்டிருப்பீர். செப்டெம்பர் மட்டும் காத்திருக்கிற கதையே இல்ல, இந்த நாட்டில 3 வயசில இருந்து 16 வயசு மட்டும் படிப்பு கட்டாயம், எந்த மாசம் வந்தாலும் எடுக்கத்தான் வேணும். மகளுக்கு மேரிக்கு, அதான் நகரசபைக்குப் போய் பதியும். மகன் கொலேஜ் (11 வயசில இருந்து 15 மட்டும் படிக்கிற பள்ளிக்கூடம்), அதுக்கு வழி வேற, புதுசா வாற பிள்ளையளைப் பாக்கிற கஸ்நாவ் எண்டு ஒரு பிரிவு இருக்கு, அவை ஒரு நாள் கூப்பிட்டு டெஸ்ட் வைப்பினம், பிறகுதான் எந்த கொலேஜ் எண்டு கடிதம் வரும். எங்கட மூத்தவனுக்கு கணக்குப் பேப்பர் தமிழிலேயே குடுத்தவை, பெடியன் பேப்பரைப் பாத்திட்டு சிரிச்சுக்கொண்டு வெளிய வந்தான். மகனிட்ட ஊர்ப் பள்ளிக்கூட ரிப்போட், கணக்குக் கொப்பி எல்லாம் கொண்டுவரச் சொல்லும், தமிழில இருந்தாலும் பரவாயில்ல, எந்தளவு படிச்சிருக்கிறான் எண்டு பாக்க உதவும்.

தடுப்பூசிக் காட்டை வந்த கிழமையே இங்கத்தை டொக்டரிட்ட காட்டி கார்னே த சாந்தேயில (பிள்ளையிட சுகாதாரக் கொப்பி) எழுதிவிச்சிடும், கனபேருக்கு அதிலதான் இழுபடுறது. வீட்டு விலாசத்துக்கு கரண்ட் பில் கையில இருக்கட்டும். விசா, கார்ட் எல்லாம் பதியிற இடத்தில கேக்க உரிமை இல்ல, உம்மட்ட எல்லாம் சரியா இருக்கு, ஆனா இதை வாசிக்கிற வேற ஆக்களுக்காகச் சொல்லுறன். டெஸ்டுக்கு கூப்பிடுவினம் எண்டு சும்மா இருக்கக்கூடாது, மெயில் போடும், போன் அடியும், திரும்ப மெயில் போடும்.

சோக்குக்கட்டி
வணக்கம் வரதன் அண்ணா. நான் இங்கயே பிறந்து வளந்தனான், இப்ப ஒரு கொலேஜில இந்தப் பிள்ளையளுக்குத்தான் படிப்பிக்கிறன், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

புதுசா வாற பிள்ளையளுக்கான வகுப்புக்கு யூபே2ஆ எண்டு பேர். 1970ல ஆரம்பப் பள்ளியில கிளான் எண்டும் 1973ல கொலேஜில கிளா எண்டும் தொடங்கினது, 2012 ஒக்டோபர் சுற்றறிக்கையோட ரெண்டும் ஒரே பேருக்கு வந்தது. பேர் மட்டும் மாறேல்ல. முந்தி பிள்ளை கூடுதலான நேரம் அந்த ஒரு அறைக்குள்ளதான். இப்ப வந்த முதல் நாளே தன்ர வயசுக்கான வகுப்பில பேர் பதிஞ்சிருக்கும், யூபே2ஆவுக்கு சில மணித்தியாலம் எழும்பி வருவான். ஆரம்பப் பள்ளியில கிழமைக்கு 9 மணித்தியாலம், கொலேஜில 12, அது குறைஞ்ச கணக்கு. மிச்ச நேரம் கணக்கு, விளையாட்டு, சித்திரம், சங்கீதம், இங்கிலீஷ் எல்லாம் மற்றப் பிள்ளையளோட. போகப்போக வரலாறு, விஞ்ஞானத்துக்கும் அனுப்புவம். 12 வயசு எண்டா சங்கியெம் (கொலேஜ் ரெண்டாம் வருஷம்), இல்லாட்டி ஒரு வருஷம் கீழ சிக்ஸியெம். அதுக்கு மேல கீழ இறக்கிறது வழக்கமில்ல, பயப்பிடாதேங்கோ.

ஊரில பள்ளிக்கூடமே போகாத பிள்ளையளுக்கு வேற ஒரு யூபே2ஆ இருக்கு, உங்கட பிள்ளையளுக்கு அது தேவையில்ல.

முதல் கிழமையளில நாங்கள் பெரிய இலக்கணம் ஒண்டும் தொடுறேல்ல. கேள்வித்தாளில வாற கட்டளையளைத்தான் பிடிக்கிறது: வட்டம் போடு, பெட்டி போடு, கீழ கோடு போடு, சேத்துவிடு, சரி அடையாளம் போடு. ஆந்தூர், ஆங்காத்ர், சூலீஞ், ரெலி, கோஷ். போன வருஷம் ஒரு பெடியன் பின்னம் எல்லாம் தலைகீழாத் தெரிஞ்சவன், சரியான விடையை பெட்டிக்குள்ள போடச் சொல்ல எல்லாத்துக்கும் வட்டம் போட்டு வச்சிருந்தான், ஒரு விடையும் பிழையில்ல. கணக்கு ரீச்சருக்கு இதை விளங்கப்படுத்துறதும் என்ர வேலைதான், சம்பளத்தில அதுக்கு எண்டு ஒண்டும் எழுதியிருக்காது 😅

95காரன்
அண்ணா நான் 2014ல வந்தனான், எனக்கு அப்ப 13, கத்ரியெமில (கொலேஜ் மூண்டாம் வருஷம்) போட்டவங்கள். பிள்ளையிட பக்கத்தில இருந்து சொல்லுறன். முதல் அதிர்ச்சி பிரெஞ்சு இல்ல, ரீச்சர்ட கையெழுத்து. போர்டில எல்லாம் சேத்துச் சேத்து சுருள் எழுத்து, எனக்கு தெரிஞ்ச ஏபிசி அதில எங்கயும் இல்ல, சின்ன ஆர் எது எஸ் எது எண்டே தெரியாது. 1ஐ தொப்பி போட்டு எழுதுவங்கள், நான் அதை 7 எண்டு வாசிச்சு கணக்கு எல்லாம் பிழை, அவங்கட 7க்கு நடுவில ஒரு கோடு. தசமத்துக்கு புள்ளி இல்ல, கொம்மா. வகுத்தல் கணக்கு போடுற மாதிரியே வேற. அந்தக் கொப்பி வேற, ஒரு வரிக்குள்ள நாலு குட்டி வரி. மகள் சேபேக்கோ செ-ஈ-ஆனுக்கோ (ஆரம்பப் பள்ளி முதல் ரெண்டு வகுப்பு) போவா எண்டா இப்பவே அந்தக் கொப்பி ஒண்டு வாங்கி சுருள் எழுத்து எழுதிப் பழக்குங்கோ, நெற்றில இலவசமா தாள் கிடக்கு. பிரெஞ்சு தெரியாமலே செய்யக்கூடிய ஒரே வேலை அதுதான்.

மற்றது, நான் கிறிஸ்மஸ் மட்டும் வாயே திறக்கேல்ல. விளங்கும், அரைவாசி விளங்கும், ஆனா வாயில வராது, வந்தாலும் சிரிப்பாங்கள் எண்டு பயம். அம்மா பிள்ளைக்கு என்னவோ ஆயிட்டுது எண்டு நேர்த்தி எல்லாம் வச்சவ. பிறகு கன்ரீனில ஒருத்தன் என்ர ஃபிரைஸை எடுக்க முழு வசனமா ஒரு பேச்சு பேசினன், மேசையே கைதட்டினது. அந்த வசனத்தை இங்க எழுத ஏலாது.

சோக்குக்கட்டி
95காரன் 😂 அந்த வாய் திறக்காத காலம் எங்களுக்கு நல்லாத் தெரியும், கேட்டுச் சேக்கிற காலம் அது, சிலருக்கு கிழமைக் கணக்கு, சிலருக்கு மாசக் கணக்கு. பெற்றோர் பயந்து உடனே பேச்சு வைத்தியரிட்ட ஓடுவினம். பிள்ளை தமிழில வழக்கம்போல கதைச்சா, காது கேட்டா, சொல்லுறதைச் செய்தா, கொஞ்சம் பொறுக்கலாம். தமிழிலயும் தடுமாறினா அப்ப காட்டத்தான் வேணும்.

புதுவை_செல்வம்
எல்லாருக்கும் வணக்கம். நான் பாண்டி, எங்க தாத்தா ராணுவத்துல இருந்தவரு, 62ல கைமாறினப்ப பிரெஞ்சு குடியுரிமையை வச்சிக்கிட்ட குடும்பம். ஆனா என் பொண்ணு ஊர்ல இங்கிலீஷ் மீடியம்தான் படிச்சா, 9 வயசுல இங்க வந்தா. நான் கொஞ்சம் மாத்தித்தான் சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க. எங்க ஊருப் பக்கம் இருக்கிற ஸ்கூல்ல இந்த யூபே2ஆவே கிடையாது. ஒரு மேடம் நாலஞ்சு ஸ்கூலுக்கு கார்ல சுத்திக்கிட்டு இருக்காங்க, நம்ம ஸ்கூலுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை வருவாங்க, அதுவும் அவங்களுக்கு உடம்பு சரியில்லன்னா அந்த வாரம் போச்சு. 9 மணி நேரம்னு சர்க்குலர்ல இருக்கு, பேப்பர்ல இருக்கு, எங்க புள்ளைக்கு வரல. அதனால நாங்க வீட்ல பிரெஞ்சுக்கு மாறிட்டோம், டிவி பிரெஞ்சு, சாப்பாடு பிரெஞ்சு, சண்டை கூட பிரெஞ்சு. ஒரு வருஷத்துல புள்ளை பிச்சு உதறுச்சு. தமிழ் எங்கயும் ஓடிடாது, பாட்டிகிட்ட போன்ல பேசிக்கட்டும். முதல்ல பொழைக்கிற மொழி, அப்புறம் தாய்மொழி.

லாசப்பல்_அக்கா
செல்வம் அண்ணா உங்கட வீட்டில உங்களுக்கு பிரெஞ்சு நல்லா வரும், தாத்தா காலத்தில இருந்து இருக்கு. வரதன் தம்பியிட வீட்டில? மனிசிக்கு வந்த புதுசில பாண் வாங்கவே தெரியாது, அவ பிள்ளையோட என்னத்தில கதைக்கிறது? எங்கட தெருவில ஒரு குடும்பம் இப்பிடித்தான் தமிழை நிப்பாட்டினது, தாய்க்கும் பெடியனுக்கும் இடையில இப்ப "சாப்பிட்டியா" "உய்" அவ்வளவுதான் கதை.

சோக்குக்கட்டி
செல்வம் அண்ணா, மணித்தியாலம் ஒழுங்கா கிடைக்கேல்ல எண்டது முழு உண்மை, நகரத்தில ஒரு மாதிரி, கிராமத்தில ஒரு மாதிரி. 2018ல மனித உரிமைப் பாதுகாவலர் அலுவலகம் செய்விச்ச எவஸ்கோல் ஆய்வும் பள்ளிக்கூட இடம் கிடைக்க பிள்ளையள் காத்துக்கிடக்கிறதைப் பற்றிச் சொன்னது. 2018-19ல மட்டும் நாடு முழுக்க கிட்டத்தட்ட 68 ஆயிரம் பிள்ளையள் இப்பிடி புதுசா வந்து படிச்சவை, ரீச்சர்மார் அதுக்குத் தக்க இல்ல.

ஆனா தமிழை நிப்பாட்டுற விஷயத்தில நான் ஒத்துக்கொள்ளமாட்டன். கனடாவில ஜிம் கம்மின்ஸ் எண்டவர் 1979ல இருந்து எழுதிக்கொண்டு வாறார், விளையாட்டு முற்றத்தில கதைக்கிற மொழி ஒண்டு, பாடப்புத்தகத்து மொழி இன்னொண்டு. முதலாவது ஒண்டு ரெண்டு வருஷத்தில வந்திடும். ரெண்டாவதுக்கு 5 இலிருந்து 7 வருஷம் பிடிக்கும். நான் வகுப்பில பாக்கிறதும் அதேதான். ஆவியாதல் எண்டா என்ன எண்டு தமிழில விளங்கினவனுக்கு பிரெஞ்சில பேர் மட்டும் குடுத்தா போதும், ஒரு மொழியிலயும் விளங்காதவனுக்கு முதல்ல இருந்து தொடங்க வேணும். அதால தாய் தகப்பன் தங்களுக்கு நல்லா வாற மொழியில ஆழமாக் கதைக்கிறதுதான் எங்களுக்கு உதவி. பள்ளிக்கூடத்தில என்ன படிச்சனி எண்டு தமிழில கேளுங்கோ, தமிழில சொல்லட்டும்.

நீங்க "பிச்சு உதறுச்சு" எண்டு சொல்லுறது எந்த மொழி எண்டு ஒருக்கா பாருங்கோ, முற்றத்து மொழியோ பாட மொழியோ. கனபேர் ஏமாறுற இடம் இதுதான், ரீச்சர்மாரும் சேத்து. பிள்ளை உச்சரிப்பு சுத்தமா "ஓ லா லா" எண்டெல்லாம் சொல்லும், எல்லாரும் சரி இவனுக்கு பிரெஞ்சு வந்திட்டுது எண்டு விட்டிடுவினம், ரெண்டு வருஷம் கழிச்சு வரலாற்றுப் பாடத்தில ஒரு பந்தி எழுதச் சொன்னா மூண்டு வரியில நிக்கும்.

புதுவை_செல்வம்
அது கொஞ்சம் உண்மைதான் மேடம், இப்ப சேஎம்-தூல (ஆரம்பப் பள்ளி கடைசி வகுப்பு) டிக்டேல, அதான் சொல்லச் சொல்ல எழுதுறதுல, பரவாயில்ல, ஆனா கணக்குல வாக்கியமா கேட்டா முழிக்கிறா. இருந்தாலும் வீட்ல பிரெஞ்சு பேசினது வீண்னு நான் ஒத்துக்க மாட்டேன், ஆங்.

மொன்றியல்_நிலா
இங்க கியூபெக் கதையையும் கேளுங்கோ. 1977ல 101ம் சட்டம் வந்ததில இருந்து குடிவந்த ஆக்கள்ட பிள்ளையள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்தான் போகவேணும், எங்கட சனம் பார்க் எக்ஸ்டென்ஷன், கோத் தே நேஜ் பக்கம் கன. இங்க உங்கட மாதிரி பாதி நேரம் இல்ல, கிளாஸ் தக்கேய் எண்டு தனி வகுப்பு, நாள் முழுக்க, ஒரே ரீச்சர், பிள்ளையள் தொகை சாதாரண வகுப்பைவிடக் குறைவு. என்ர மகள் ஒரு வருஷம் கொஞ்சம் மேல இருந்தவள். நல்ல பக்கம், ஒருத்தரும் சிரிக்கமாட்டினம், எல்லாருமே புதுசு, பிலிப்பினோ, அல்ஜீரியா, சிரியா, எங்கட பிள்ளையள், எல்லாரும் சேந்து உடைச்சு உடைச்சுக் கதைப்பினம். அந்த ரீச்சருக்கு பிள்ளைக்கு தொப்பி கையுறை இருக்கோ எண்டுறது வரை தெரியும்.

கெட்ட பக்கமும் சொல்லவேணும். இன்டர்வலுக்கு வெளிய வந்தா எல்லாரும் இங்கிலீஷ்தான், மொன்றியல் அப்பிடி. பிரெஞ்சு ரீச்சரோட மட்டும். பிறகு சாதாரண வகுப்புக்கு மாத்தினவுடன மகள் ஒரு மாசம் அழுதவள், ஏனெண்டா அங்க ரீச்சர் வேகமா கதைக்கிறா, அதுவும் கியூபெக் பிரெஞ்சு, பிள்ளையள் முதலாம் வகுப்பில இருந்து ஒண்டா வந்தவை, இவளுக்கு பக்கத்தில இருக்க ஆள் இல்ல. முதல் நாளில இருந்தே மற்றப் பிள்ளையளோட கன்ரீன், விளையாட்டு எண்டு கலக்கிற உங்கட முறை நல்லது எண்டு நான் நினைக்கிறன்.

95காரன்
அக்கா கலக்கிறது எண்டு கேக்க நல்லா இருக்கும், உள்ள இருந்து பாத்தா வேற. வரலாற்று வகுப்பில கடைசி வாங்கில இருத்திப்போட்டு ஒரு படம் கலர் அடிக்கத் தருவாங்கள். 13 வயசுப் பெடியனுக்கு கலரிங்! அதை விட உங்கட மூடின வகுப்பில ஒரு வருஷம் இருந்து ஒழுங்கா படிச்சிருப்பன். ஆனா ஸ்போர்ட்ஸ் வகுப்பு, அது கலக்கினது சரி, பந்துக்கு பாஷை தேவையில்ல, சொல்லியே ஆகவேணும்.

சோக்குக்கட்டி
கலரிங் கேட்டு தலையில அடிச்சுக்கொண்டன், இண்டைக்கும் நடக்குது. பாட ரீச்சருக்கு பயிற்சி இல்ல, அறையில 28 பேர், ஒரு பிள்ளைக்கு தனியா தாள் தயாரிக்க நேரமும் இல்ல. அதே பாடத்தை எளிமையான வசனம், படம், கட்டாயம் வேண்டிய பத்துச் சொல்லு எண்டு சுருக்கிக் குடுத்தா பிள்ளை பாடத்துக்குள்ள நிக்கும். நான் கேட்டுக்கேட்டு வாங்கிறது அதைத்தான். எனக்கு ரெண்டில எது நல்லது எண்டு கேட்டா, முதல் ரெண்டு மூண்டு மாசம் எங்களோட கூட நேரம், பிறகு கெதியா வெளிய, இதுதான் சரி. நாள் முழுக்க தனி அறையும் வேண்டாம், முதல் நாளே கடைசி வாங்கும் வேண்டாம்.

எங்கட தமிழ்ப் பிள்ளையள்ட விஷயத்தில ஒண்டு கவனிச்சனான். தியூ, வூ வித்தியாசம் ஒரு நாளில பிடிச்சிடுவினம், நீ, நீங்கள் வீட்டிலயே இருக்கு, இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்ச பிள்ளை மாசக்கணக்கா தடுமாறும். ஆளுக்குத் தக்க வினை மாறுறதும் புதுசில்ல. இடிக்கிற இடம் பொருளுக்கெல்லாம் ஆண் பெண் பாக்கிறது, மேசை பெண்ணாம் கட்டில் ஆணாம், அதுக்கு காரணம் கேட்டா எங்களிட்டயும் இல்ல, சொல்லைப் படிக்கேக்கயே லெ, லா சேத்துப் படிக்கிறதுதான் வழி. மற்றது டிக்டேல p யும் b யும், t யும் d யும் மாறும், தமிழில ஒரே எழுத்து ரெண்டு சத்தத்துக்கும் வேலை செய்யுதெல்லே. பிறகு மூக்கால வாற ஆங், ஓங், ஆன். அதுக்கு நாங்கள் கண்ணாடியை குடுத்து வாயைப் பாத்துச் சொல்லச் சொல்லுறது, வகுப்பு முழுக்க சிரிப்பு.

லோசான்_மாமா
இடையில ஒரு சின்னக் கதை. பாரிசில ஒரு வருஷம் படிச்ச மருமகன் எங்களிட்ட வந்தவன், 90க்கு நாலு இருபதும் பத்தும் எண்டு கஷ்டப்பட்டுப் பாடமாக்கி வச்சிருந்தான், இங்க சுவிஸ் வோ மாநிலத்தில 70, 80, 90க்கு நேரா செப்தாந்த், உயித்தாந்த், நொனாந்த். பெடியன் இவ்வளவு லேசா இருந்ததை ஏன் மாமா எனக்கு முதலே ஒருத்தரும் சொல்லேல்ல எண்டு சண்டை. சரி நீங்கள் தொடருங்கோ.

கிளிநொச்சி_வரதன்
எல்லாருக்கும் பெரிய நன்றி, வேலை முடிஞ்சு பஸ்ஸில இருந்து எல்லாம் வாசிச்சன். சுருள் எழுத்துக் கொப்பி நாளைக்கே வாங்கிறன். ரெண்டு கேள்வி. இந்த யூபே2ஆ எவ்வளவு காலம் குடுப்பினம், முடிஞ்சா பிறகு பிள்ளை தனிய நிண்டு சமாளிக்குமோ? மற்றது மகன் இப்ப 12, த்ருவாசியெம் (கொலேஜ் கடைசி வருஷம்) முடிய எங்க அனுப்புவினம்? ஒருத்தர் சொன்னார் எங்கட பிள்ளையள் எண்டா கண்ணை மூடிக்கொண்டு தொழிற்பக்கம் தள்ளிவிடுவினமாம்.

சோக்குக்கட்டி
அண்ணா வழக்கமா ஒரு வருஷம். நடுவில வந்த பிள்ளைக்கு அடுத்த வருஷமும் கொஞ்சம் நீட்டுறது உண்டு, ஆனா தானா நடக்காது, ஜூன் மாசத்துக்கு முதல் ரீச்சரைச் சந்திச்சு கேளுங்கோ. நிப்பாட்டினா பேபேஆர்உ எண்டு ஒரு தனி உதவித் திட்டம் போடச்சொல்லி கேக்கலாம். கொலேஜில தெவுவார் ஃபே எண்டு 2017ல இருந்து வீட்டுவேலை செய்ய உதவி இருக்கு, இலவசம், கட்டாயம் போடுங்கோ. ஜூலை ஆகஸ்ட் லீவுதான் பெரிய பிரச்சினை, ரெண்டு மாசம் வீட்டில தமிழும் யூரியூப்பும் எண்டு இருந்திட்டு செப்டெம்பர் வரேக்க பாதி காணாது. நூலகத்தில காட் எடுங்கோ, லீவுக்கால வகுப்பு, சாந்த்ர் த லுவாசிர் (லீவில பிள்ளையள் விளையாடிப் பொழுதுபோக்கிற நிலையம்), புட்போல் கிளப், எங்கயாவது பிரெஞ்சுப் பிள்ளையளோட நிக்கட்டும்.

த்ருவாசியெம் விஷயம் பொய் எண்டு சொல்லமாட்டன். 15 வயசில வந்த பிள்ளைக்கு நேரம் இல்லை, அதால தொழிற்கல்வி லிசேக்கு (கொலேஜுக்கு அடுத்த பள்ளிக்கூடம்) கன பேர் போகினம், சிலருக்கு அது பிடிச்சுப் போறது, சிலருக்கு பிரெஞ்சு வராததால மட்டும் போறது, ரெண்டும் ஒண்டில்ல. உங்கட மகனுக்கு இன்னும் மூண்டு வருஷம் இருக்கு, அது நல்ல நேரம். கணக்கில கெட்டிக்காரன் எண்டு சொன்னீங்கள், அந்தப் புள்ளியை பெற்றோர் கூட்டத்தில எடுத்துக் காட்டி, பிரெஞ்சு குறைவு வேற, விளக்கம் குறைவு வேற எண்டு சொல்லுங்கோ. கூட்டத்துக்கு மொழிபெயர்க்க ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. தயவுசெய்து பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதேங்கோ, தன்னைப் பற்றின முறைப்பாட்டை எந்தப் பெடியன் சரியா மொழிபெயர்ப்பான்.

95காரன்
நான் மொழிபெயர்த்தனான். "வகுப்பில கதைக்கிறான்" எண்டதை "வகுப்பில நல்லா கலந்து கதைக்கிறான்" எண்டு அம்மாக்கு சொன்னனான் 😂

லாசப்பல்_அக்கா
உம்மட மனிசிக்கும் ஒரு விஷயம் சொல்லும் தம்பி. சில பள்ளிக்கூடங்களில தாய் தகப்பனுக்கும் இலவச பிரெஞ்சு வகுப்பு இருக்கு, 2008ல தொடங்கின திட்டம், பிள்ளையள் படிக்கிற நேரத்திலயே வைப்பினம். நான் அதிலதான் பள்ளிக்கூடம் பெற்றோருக்கு எழுதிற கார்னேயில (செய்திக் கொப்பி) வாற கடிதத்தை வாசிக்கப் பழகினனான், கன்ரீன், சுற்றுலா, பேன் வந்திருக்கு தலையைப் பாருங்கோ எண்டெல்லாம் வரும். வந்தவுடன வீட்டுக்குள்ள பூட்டி வைக்காமல் அவவையும் பதிஞ்சுவிடும்.

கிளிநொச்சி_வரதன்
எல்லாருக்கும் வணக்கம், பங்குனி மாசம், ஒரு சின்ன செய்தி. மகள் வந்து ரெண்டாம் கிழமையே மேரியில இடம் கிடைச்சிட்டுது, இப்ப என்னையே திருத்துறாள், அப்பா அது லெ இல்ல லா எண்டு. மகனுக்கு டெஸ்ட் நாள் வர மாசி ஆயிட்டுது, ரெண்டு பஸ் மாறிப் போற கொலேஜ், கிட்ட இருக்கிறதில யூபே2ஆ இல்லையாம். இன்னும் வெளிய கதைக்கிறான் இல்ல, ஆனா கணக்கில 18/20 எடுத்திருக்கிறான். ரீச்சர் தெல்ஃப் எண்டு ஒரு பிரெஞ்சு மொழிச் சோதனைக்கு பேர் குடுக்கலாம் எண்டு எழுதி அனுப்பியிருக்கிறா. வந்து கொஞ்ச நாள்தானே, இப்பவே வேணுமோ?

சோக்குக்கட்டி
குடுங்கோ அண்ணா. முதல் படி ஆ-ஆன், அடுத்தது ஆ-தூ, அவனுக்கு எது சரி எண்டு ரீச்சர் பாத்துப் போடுவா. எங்கட கொலேஜில இந்தப் பிள்ளையளிட்ட காசு எடுக்கிறேல்ல, உங்கட இடத்தில எப்பிடி எண்டு கேளுங்கோ. வாய்மொழிச் சோதனையும் இருக்கு, தன்னைப் பற்றி, குடும்பம், பிடிச்ச விளையாட்டு எண்டு கேப்பினம். ரெண்டு பஸ் மாறுறதுக்கு போக்குவரத்துக் காட் எடுத்திட்டீங்களோ? கொலேஜ் பிள்ளையளுக்கு விலை குறைவு, இல்லையெண்டா இப்ப சொல்லுங்கோ, எங்க பதியிறது எண்டு எழுதிவிடுறன்.